ஏரியில் மிதக்கும் கிழங்குத் துண்டுகள்: பீவர் வேலையா?

கூழாங்கல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இயற்கைப் பகுதியில் இது என் முதல் பதிவு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை ஒன்டாரியோவில் ஹாலிபர்ட்டன் பக்கம் ஒரு சின்ன ஏரிக்கரையில் நண்பர் குடும்பத்தோடு நாலு நாள் தங்கினோம். இரண்டாம் நாள் விடியற்காலையில் மகள் படகுத்துறைப் பலகையில் நின்றுகொண்டு "அம்மா, பாம்பு!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீரில் மூன்று நாலு தடித்த கட்டைகள் மிதக்கின்றன. ஒன்றைத் துடுப்பால் இழுத்துக் கையில் எடுத்தேன். மரமில்லை. என் மணிக்கட்டு மொத்தம், ஒரு முழ நீளம். மேலெல்லாம் அன்னாசித் தோல் போல வரிசை வரிசையாகத் தழும்பு. அடியில் வெள்ளைப் புழுக்கள் மாதிரி வேர் தொங்குகிறது. அமுக்கினால் பஞ்சு போல அமுங்கித் திரும்ப எழும்புகிறது. ஒரு முனை பிய்ந்திருந்தது. மற்ற முனையை யாரோ உளியால் கொத்தி எடுத்தது போல இருந்தது.

மறுகரையில் நீர்நாய் கட்டிய குச்சி வீடு ஒன்று இருக்கிறது. ஆனால் அது மரம் வெட்டித் தின்கிற பிராணி என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? கிழங்கும் தின்னுமா, இல்லை இது வேறு யாருடைய வேலையா?

நெறியாளர் எழுதியது:

தலைப்பில் "நீர்நாய்" என்றிருந்ததைப் "பீவர்" என்று மாற்றியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். நீர்நாய் மீன் தின்னும் வேறு பிராணி, காவிரியில்கூட உண்டு. பீவர் எலி, அணில் இனத்தைச் சேர்ந்த கொறிணி. அதற்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லாததால் மொழிபெயர்ப்புகளில் எல்லாம் இந்தக் குழப்பம்தான்.

துடுப்பு எழுதியது:

தங்கச்சி, அது மஞ்சள் அல்லியின் கிழங்கு. இந்த ஏரிகளில் வெள்ளை அல்லியும் உண்டு, மஞ்சள் பந்து போலப் பூக்கிற நூஃபர் என்ற வகையும் உண்டு. நீங்கள் சொன்ன அன்னாசித் தோல் நூஃபருக்கு உரியது. ஒவ்வொரு தழும்பும் ஒரு பழைய இலைக்காம்பு விழுந்த இடம்.

இருபது வருடமாக அல்கான்குவின் பூங்காவில் கனூ என்ற துடுப்புப் படகு ஓட்டுகிறேன். இந்தத் துண்டுகளைப் பார்க்காத கோடை இல்லை. யார் வேலை என்றால் மூன்று பேர் மேல் சந்தேகப்படலாம்: மூஸ் என்ற பெரிய மான், நீரில் வாழும் கஸ்தூரி எலி, பீவர். மூஸ் தலையை முக்கி இலையையும் தண்டையும் வாயோடு வாரி இழுக்கும். அதற்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, ஆகவே இழுத்த இடம் நார் நாராகக் கிழிந்திருக்கும், செதுக்கினது போல இருக்காது. மற்ற இரண்டையும் பல் தடத்தை வைத்துப் பிரிக்கலாம். கஸ்தூரி எலியின் தடம் தீக்குச்சி அகலம். பீவரின் ஒவ்வொரு முன்பல்லும் சுண்டுவிரல் நகத்தை ஒட்டி வரும். "உளியால் கொத்தியது போல" என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. படம் இருந்தால் போடுங்கள்.

கூழாங்கல் எழுதியது:

படம் இணைத்திருக்கிறேன் அண்ணை. அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் ஐந்து சத நாணயத்தை வைத்தேன். பக்கத்துப் பக்கமாக இரண்டு தடம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் நாணயத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

துடுப்பு எழுதியது:

பீவர்தான். சந்தேகமே இல்லை. அதுவும் பீவர் படம் போட்ட காசை வைத்தே பீவர் பல்லை அளந்திருக்கிறீர்கள்! 1937 முதல் அந்தக் காசில் அதுதான் இருக்கிறது.

சந்தேகச்சாமி எழுதியது:

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குறுக்குக் கேள்வி. பீவரை நான் நேரில் பார்த்ததில்லை, காணொளியில்தான். அவ்வளவு பெரிய ஆரஞ்சு நிறப் பல், மரத்தையே சாய்க்கிற தாடை. இத்தனையையும் வைத்துக்கொண்டு குளத்துக் கீரையைத் தின்கிறது என்றால் நம்ப முடியவில்லை. எப்போதாவது வாய்க்கு மாற்றாக ஒரு கடி கடித்திருக்கும். அதை வைத்து உணவு என்றே சொல்லிவிடலாமா?

பனிக்காட்டு மீனா எழுதியது:

சாமி சார், நியாயமான கேள்வி. வனவிலங்குப் படிப்புக்காக மினசோட்டாவில் இருந்தபோது எனக்கும் இதே எண்ணம்தான்.

பீவரைப் பற்றி நம் மனத்தில் இருப்பது இலையுதிர்காலத்துப் பீவர். அப்போதுதான் அது மரத்தை வெட்டிச் சாய்ப்பது, கிளையை இழுப்பது, அணைக்கு மண் பூசுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடக்கும். வெட்டின மரம் வருடக்கணக்கில் சாட்சியாக நிற்கும். தின்ற அல்லி இலைக்குச் சாட்சி ஏது? அடுத்த வாரமே அந்த இடத்தில் புது இலை வந்துவிடும். ஆகவே கரையில் நின்று வெட்டுமரத்தை எண்ணியவர்களுக்கு அது மரந்தின்னியாகவே தெரிந்தது.

கணக்கு மாறியது ஐசோடோப்பு ஆய்வுகள் வந்த பிறகு. விஷயம் இதுதான். தரையில் வளரும் மரத்துக்கும் தண்ணீரில் வளரும் செடிக்கும் கரிம, நைட்ரஜன் அணுக்களின் எடைக் கலவை ஒன்றாக இருப்பதில்லை. தின்ற பிராணியின் முடியிலும் தசையிலும் அந்தக் கலவை அப்படியே படியும். அதாவது பீவர் பல மாதமாக என்ன சாப்பிட்டது என்பது அதன் முடியிலேயே எழுதப்பட்டிருக்கும், நாம் கூடவே நின்று பார்க்க வேண்டியதில்லை. கியூபெக்கின் ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் இப்படிச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. அங்கே பீவரின் சாப்பாட்டில் பாதிக்கும் மேல் நீர்ச்செடி. மினசோட்டாவின் வோயஜர்ஸ் தேசியப் பூங்காவிலும் 2007, 2008இல் பீவர்களைப் பிடித்து, முடியெடுத்து, விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அங்கும் நீர்ச்செடியின் பங்கு மரத்துக்குச் சளைத்ததாக இல்லை.

எப்போதாவது ஒரு கடி என்று சொன்னீர்களே, இது அந்தக் கணக்கில் வராது.

சந்தேகச்சாமி எழுதியது:

சரி, பங்கை ஒப்புக்கொள்கிறேன். ஏன் என்பதைச் சொல்லுங்கள். கரையிலேயே இவ்வளவு மரம் இருக்கும்போது எதற்குச் சேற்றில் கிண்ட வேண்டும்?

வேர்க்கிழங்கு எழுதியது:

திருச்சியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன், பீவரைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. செடியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மரம் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதற்கு விறைப்புத் தருகிற லிக்னின் என்ற பொருள் வேண்டும். அல்லிக்கு அந்தக் கவலை இல்லை, தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. ஆகவே அதன் உடம்பில் லிக்னின் குறைவு, காற்றறைகள் அதிகம். தின்கிறவனுக்கு இது மெத்தென்ற, சீக்கிரம் செரிக்கிற சாப்பாடு. லிக்னினை எந்தப் பாலூட்டியாலும் செரிக்க முடியாது. பீவர் மரத்தில் தின்பதும் கட்டையை அல்ல, பட்டைக்கு உட்புறம் இருக்கிற மெல்லிய பச்சைப் படலத்தை. பட்டையைச் சுரண்டிய வெள்ளைக் குச்சியை அப்படியே போட்டுவிடும், இல்லாவிட்டால் அணையில் சொருகும்.

இந்தப் பஞ்சுத்தன்மைக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. நூஃபரின் கிழங்கு காற்றே இல்லாத சேற்றில் கிடக்கிறது, ஆனால் மூச்சு விட வேண்டும். வெயிலில் சூடாகும் இளம் இலைகள் காற்றை உள்ளே இழுத்துக் காம்பு வழியாகக் கீழே தள்ளும். அது கிழங்கு வழியாகப் போய், வயதான இலைகள் வழியாக வெளியேறும். ஒரு செடிக்குள் ஒரு நாளில் 22 லிட்டர் வரை காற்று இப்படி ஓடுவதாக 1980இல் அளந்திருக்கிறார்கள். கடித்துப் போட்ட துண்டு ஏன் மூழ்காமல் மிதந்தது என்பதற்கு அதுதான் காரணம். உங்கள் மகள் பாம்பென்று நினைத்தது உள்ளே காற்றடைத்த குழாய்.

பனிக்காட்டு மீனா எழுதியது:

அருமை சார். அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலாவது, பயம். பீவர் தண்ணீரில் ராஜா. தரையில் அது குட்டைக்கால் வைத்த ஒரு மூட்டை. வளர்ந்தது 20 கிலோவுக்கு மேல் இருக்கும், ஓடத் தெரியாது. வோயஜர்ஸ் பகுதியில் ஓநாய்கள் பெரும்பாலும் பீவரைத் துரத்துவதில்லை. பீவர் தினமும் போகிற ஒற்றையடிப் பாதைக்குப் பக்கத்தில், தன் வாடை அதற்குப் போகாத காற்றுப் பக்கமாகப் பார்த்து, மணிக்கணக்கில் படுத்துக் காத்திருக்கும். அதனால் பீவர் கரையை விட்டுப் பெரும்பாலும் ஐம்பது, அறுபது மீட்டருக்கு மேல் போகாது. நல்ல ஆஸ்பென் மரங்கள் அதற்கு அப்பால் இருந்தால் அவை இருந்தும் இல்லாத மாதிரிதான். அல்லிக்கொடி அப்படியா? வீட்டு வாசலில் முளைத்த கீரை. ஓநாய் வந்தால் ஒரு முங்கு, அவ்வளவுதான்.

இரண்டாவது, உப்பு. நீர்ச்செடிகளில் சோடியம் மர இலையை விடப் பல மடங்கு அதிகம். சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவில் மூஸ்கள் கோடையில் தண்ணீருக்குள் இறங்கி மேய்வது முக்கியமாக இதற்காகத்தான் என்று 1981இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்திநேரத்தில் ஒரே குளத்தில் ஒரு பக்கம் மூஸ், ஒரு பக்கம் பீவர், இரண்டும் ஒரே செடியை மென்றுகொண்டிருப்பதை அங்கே பார்க்கலாம்.

பல்லைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஆரஞ்சு நிறம் இரும்பு. பல் எனாமலில் இரும்பு கலந்திருப்பதால் உறுதி. ஆனால் பல்லை விட எனக்கு வியப்பு உதடுதான். அதன் உதடு முன்பல்லுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். வாய் மூடியிருக்கும், பல் வெளியே இருக்கும். அதனால்தான் தண்ணீருக்கடியில் ஒரு சொட்டு விழுங்காமல் கிழங்கைக் கடித்து அறுக்க முடிகிறது.

அக்கரைச்சீமை எழுதியது:

ஸ்காட்லாந்திலிருந்து. இங்கே இருப்பது ஐரோப்பியப் பீவர், வேறு இனம், ஆனால் சாப்பாட்டுப் பழக்கம் இதேதான். பிரிட்டனில் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் வேட்டையாடியே ஒழித்துவிட்டார்கள். 2009இல் நாப்டேல் காட்டில் நார்வேயிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அவை வெள்ளை அல்லியை எப்படித் தின்கின்றன என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். கண்டதைக் கடிப்பதில்லை. பெரிய இலையாகப் பார்த்துப் பொறுக்குகிறது. சந்தையில் வாழையிலை வாங்குகிற மாதிரி.

நெறியாளருக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் பீவர்கள் மீண்டும் குடியேறிய புகழ்பெற்ற ஆறு டெவன் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஆட்டர். அதாவது நீர்நாய் ஆறு! 2015இல் ஐந்தாண்டுச் சோதனை என்று தொடங்கி, 2020இல் அவை அங்கேயே இருக்கலாம் என்று அரசு அனுமதித்தது. குழப்பம் தமிழில் மட்டுமில்லை.

நெறியாளர் எழுதியது:

தலைப்பை மறுபடி மாற்றமாட்டேன். 😀

ஏரிவீட்டுக்காரன் எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் பீவருக்குப் பாட்டுப் பாடுகிறீர்கள், என் கதையையும் கேளுங்கள். ஒன்டாரியோவில் ஒரு சின்ன ஏரியில் பன்னிரண்டு வருடமாக எங்களுக்கு ஒரு குடில் உண்டு. வெள்ளை அல்லி பூத்தால் ஏரி அவ்வளவு அழகு. மூன்று வருடம் முன்பு பீவர் குடும்பம் வந்தது. ஒரு ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் துறைக்கு முன்னால் இருந்த அல்லி முழுக்கச் சுத்தம். சேறு கலங்கி, துண்டு துண்டாக மிதந்து, பிள்ளைகள் குளிக்க இறங்க முடியவில்லை. ஏரிவாசிகள் சங்கத்தில் சொல்லி ஆள் வைத்துப் பிடித்தார்கள், அணையையும் உடைத்தார்கள்.

அதற்கடுத்த கோடையில் என்ன நடந்தது தெரியுமா? தண்ணீர் இரண்டு அடி இறங்கிவிட்டது. முன்பு ஆழமாக இருந்த இடமெல்லாம் அல்லி. படகு சுழல்விசிறியில் தண்டு சுற்றி இரண்டு முறை நின்றுபோனது. அழகாவது மண்ணாவது. இப்போது சங்கத்தில் பாதிப்பேர் களைக்கொல்லி அடிக்கலாம் என்கிறார்கள், மீதிப்பேர் அடிக்கக்கூடாது என்கிறார்கள். அல்லி பெருகியது பீவர் போனதாலா, தண்ணீர் இறங்கியதாலா?

வேர்க்கிழங்கு எழுதியது:

இரண்டும் சேர்ந்திருக்கும், ஆனால் தண்ணீர் இறங்கியதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன். இந்த அல்லிகள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழம் வரைதான் சௌகரியமாக வளரும். இரண்டரை மீட்டராக இருந்த இடம் இரண்டுக்குக் கீழே வந்தால், அதுவரை எட்டாத சேறெல்லாம் அதற்குத் திறந்த வயல். பக்கத்துக் கிழங்கு ஊர்ந்து போய்ப் பிடித்துக்கொள்ளும். களைக்கொல்லி அடித்தால் செத்த இலையெல்லாம் அடியில் அழுகி ஆக்ஸிஜனைக் குடிக்கும், மீனுக்குத்தான் கேடு. அவசரப்பட வேண்டாம்.

பனிக்காட்டு மீனா எழுதியது:

மேய்ச்சலுக்கும் பங்கு உண்டு என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இரண்டு சதுப்புகளில் சில இடங்களுக்கு வேலி போட்டுப் பீவர் நுழையாமல் இரண்டு வருடம் தடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியானது. பீவர் மேய்ந்த இடத்தில் நீர்ச்செடிகளின் மொத்த எடை வேலிக்குள் இருந்ததை விட 60 சதவீதம் குறைவு. பல்லிவால் என்று அங்கே சொல்கிற ஒரு செடி வேலிக்குள் மொத்தச் செடி எடையில் பாதிக்கும் மேல் இருந்தது, வெளியே 5 சதவீதம்கூட இல்லை. தேடித் தேடி அதைத்தான் தின்றிருக்கிறது.

எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. மீன்தொட்டிக்காரர்கள் விரும்பி வாங்குகிற கிளியிறகு என்ற நீர்ச்செடி இருக்கிறதே, தென் அமெரிக்காவிலிருந்து வந்து அமெரிக்கக் குளங்களை அடைத்துக்கொள்கிற களை. பீவர் இருந்த இடத்தில் அது ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்திருந்தது. கூலி கேட்காத களையெடுப்பு.

அதற்காகப் பீவர் எங்கு போனாலும் நல்லது என்று எழுதமாட்டேன். 1946இல் தோல் வியாபாரத்துக்காக அர்ஜென்டினாவின் தென்கோடியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்குள்ள மரங்கள் வெட்டினால் துளிர்க்கிற சாதியில்லை. காடு காடாக மொட்டையாகிவிட்டது.

துடுப்பு எழுதியது:

ஏரிவீட்டுக்காரர் அவர்களுக்கு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பழங்குடி நண்பர் ஒருவர் சொன்னதை நினைத்தால் உங்கள் படகுத்துறைப் பிரச்சினை சின்னது. அனிஷினாபே மக்களுக்கு மனோமின் என்கிற காட்டரிசி உயிர். ஏரித் தண்ணீரிலேயே வளரும் புல் அது, கனூவில் போய்க் கோலால் தட்டி அறுவடை செய்வார்கள். ஜூன் மாதத்தில் அதன் இளம் இலை தண்ணீர் மேல் நாடா போலப் படுத்திருக்கும், வேர் அப்போது இன்னும் பலப்படாது. அந்த நேரத்தில் ஏரியின் வாய்க்காலைப் பீவர் அடைத்துத் தண்ணீர் ஏறினால், மிதக்கிற இலை செடியை வேரோடு இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஒரு வருட அரிசி போச்சு. இத்தனைக்கும் அது அந்த அரிசியைத் தின்று கெடுப்பதில்லை, அணை கட்டித்தான் கெடுக்கிறது. பீவரை மதிக்கிற மக்களே சில வாய்க்கால்களில் அதன் அணையைத் திரும்பத் திரும்பத் திறந்துவிடுவது இதனால்தான்.

சுக்குக்காப்பி எழுதியது:

நான் சமையல் பகுதி ஆள், வழி தவறி வந்தேன். அல்லிக்கிழங்கு என்றதும் நின்றுவிட்டேன். சங்கப் பாட்டில் கைம்பெண்கள் அல்லியரிசி தின்றதாக வருமே. நம் வீட்டில் தாமரைத்தண்டு வற்றல் போடுகிறோம். பீவர் தின்கிற இந்தக் கிழங்கை நாம் அவித்துத் தின்னலாமா?

வேர்க்கிழங்கு எழுதியது:

வேண்டாம் அம்மா. தாமரை வேறு குடும்பம். நூஃபர் கிழங்கில் மாவு நிறைய, ஆனால் ஆல்கலாய்டு என்ற கசப்பான வேதிப்பொருள்களும் நிறைய. அமெரிக்காவின் ஓரிகனில் கிளமாத் பழங்குடி மக்கள் இதன் மேற்கத்திய உறவான செடியைச் சாப்பிட்டார்கள்தான், கிழங்கையல்ல, விதையை. வோகஸ் என்று பெயர். உலர்த்தி, வறுத்து, பொரித்து மாவாக்குவார்கள். அது பல தலைமுறைக் கைப்பக்குவம். தவிர, பீவர் குளத்துத் தண்ணீரில் ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சகஜம். அதைப் பீவர் காய்ச்சல் என்றே அங்கே சொல்வார்கள்.

சந்தேகச்சாமி எழுதியது:

கசப்பு ஆல்கலாய்டு என்றால் பீவருக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது?

பனிக்காட்டு மீனா எழுதியது:

எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். பீவரின் வாலடியில் இரண்டு பைகள் உண்டு. அதில் ஊறும் காஸ்டோரியம் என்ற மஞ்சள் பசையைக் கரையோர மண்மேட்டில் தடவி "இது என் எல்லை" என்று அறிவிக்கும். வாசனைத் திரவியக்காரர்கள் நூற்றாண்டுக்கணக்காக வாங்குகிற பொருள். அதை வேதியியலில் பிரித்துப் பார்த்தபோது காஸ்டோரமைன் என்ற ஆல்கலாய்டு கிடைத்தது. அது நூஃபர் கிழங்கில் இருக்கிற ஆல்கலாய்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வில்லோ, ஆஸ்பென் பட்டையிலிருந்து வருகிற சாலிசிலிக் வகைப் பொருள்களும் அதில் உண்டு. மற்ற பிராணிக்கு எரிச்சலூட்டுகிற கசப்பை வாங்கிப் பையில் போட்டு வைத்துக்கொண்டு, அதையே தன் முகவரிச் சீட்டாகப் பயன்படுத்துகிறது. ஏரியில் என்ன சாப்பாடு கிடைக்கிறது என்பதும் அந்த மணத்திலேயே தெரியும் போல.

செரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முயல் மாதிரி, பின்குடலில் ஒரு பெரிய பை, அதில் நுண்ணுயிர்கள். முதல் சுற்றில் வருகிற பச்சை நிற மெத்தென்ற உருண்டையைத் திரும்பத் தின்னும். சாப்பிடும்போது படிக்கிறவர்கள் மன்னிக்கவும். இரண்டு சுற்று போனாலும் செல்லுலோஸ் என்ற செடிநாரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் செரிக்கும். ஆகவே மெத்தென்ற இலை கிடைக்கும்போது அதை விடுவதற்கு அதற்கு மனசு வராது.

சந்தேகச்சாமி எழுதியது:

சரி, கட்சி மாறிவிட்டேன். கடைசியாக ஒன்று. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், அல்லி இலை ஒன்றுகூட இருக்காது. அப்போது மரம்தானே?

துடுப்பு எழுதியது:

மரமும், கிழங்கும். பீவர் குளிர்தூக்கம் போடாது. இலையுதிர்காலத்தில் வீட்டு வாசலுக்கு முன்னால் தண்ணீருக்குள் ஆஸ்பென், வில்லோ கிளைகளை அடுக்கும். அதில் ஒரு சூட்சுமம். மேலே மிதக்கிற அடுக்கில் அதற்குப் பிடிக்காத ஆல்டர் போன்ற குச்சிகள் கிடக்கும். பனி உறைந்ததும் அவை மாட்டிக்கொண்டு கூரை மாதிரி நிற்கும், நல்ல தீனி எல்லாம் அதற்கடியில் பனியில் சிக்காமல் இருக்கும். சில இடங்களில் அல்லிக் கிழங்கையும் அந்தக் குவியலில் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

சேற்றிலே இருக்கிற கிழங்கைத் தோண்ட பனி ஒரு தடையே இல்லை. வீட்டின் வாசல் தண்ணீருக்கடியில்தான் இருக்கிறது. மேலே முழங்கால் மொத்தப் பனிக்கட்டி, அதன் மேல் நாங்கள் பனிச்சறுக்கு. கீழே இருட்டில் அது கிழங்கு பறித்துக்கொண்டிருக்கும். கோடை முழுக்க இலை சேர்த்த மாவெல்லாம் அப்போது கிழங்கில்தான் இருக்கும்.

தெற்கே ஜார்ஜியா, லூசியானா பக்கம் ஏரி உறைவதில்லை, அங்கே பீவர் இப்படிக் குவியல் போட மெனக்கெடுவதும் அரிது.

கூழாங்கல் எழுதியது:

ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனேன், திரும்பி வந்தால் ஊரே கூடியிருக்கிறது! எல்லோருக்கும் நன்றி.

இந்த வார இறுதியில் அதே ஏரிக்குத் திரும்பவும் போனோம். சனிக்கிழமை பின்னேரம் எட்டரை மணிக்கு மகளும் நானும் கனூவை அல்லிப் படுகையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தோம். நுளம்பு பிய்த்தது. இருபது நிமிடம் கழித்து ஒரு தலை மட்டும் கோடு போட்டுக்கொண்டு வந்தது. எங்களுக்கு ஒரு பதினைந்து அடி தள்ளி, தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் குந்தியது.

முதலில் ஒரு இலைக்காம்பைப் பல்லால் அறுத்தது. பிறகு இலையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து சுருட்டியது. என் அம்மம்மா வெற்றிலை சுருட்டுகிற அதே மாதிரி, அவசரமே இல்லாமல். சுருட்டினதை வாய்க்குள் நுனியிலிருந்து தள்ளத் தள்ள, கறுக் கறுக்கென்று சத்தம். அமைதியான ஏரியில் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது தெரியுமா? ஒரு இலை முடிய அடுத்தது. மகள் எண்ணினாள், பதினாலு இலை, இரண்டு பூ. பூவைச் சுருட்டவில்லை, அப்படியே வாயில் போட்டது. பிறகு ஒரு முங்கு. நாங்கள் நூறு வரை எண்ணிவிட்டுப் பயந்தே போனோம். கிழங்கோடு மேலே வந்தது. சேற்றைத் தண்ணீரில் அலசிவிட்டு, சோளப்பொத்தி போலச் சுழற்றிச் சுழற்றிக் கடித்தது.

மகள் தும்மினாள். வாலால் ஒரு அடி, துவக்குச் சத்தம் மாதிரி. கனூவே ஆடிவிட்டது. அதற்குப் பிறகு வரவில்லை. அது விட்டுப் போன கிழங்கின் மிச்சம் எங்கள் பக்கமாக மிதந்து வந்தது.

துடுப்பு எழுதியது:

இருபது வருடத்தில் எனக்கு அவ்வளவு கிட்டத்தில் அமைந்தது மூன்று தடவைதான். நூறு எண்ணினதற்குப் பயப்பட வேண்டாம், தேவைப்பட்டால் கால் மணி நேரம்கூட மூச்சைப் பிடிக்கும். காணொளி எடுத்தீர்களா?

கூழாங்கல் எழுதியது:

எடுத்தேன் அண்ணை, முழு இருட்டு. கறுக் கறுக்கும், மகளின் தும்மலும் மட்டும் வடிவாகக் கேட்கிறது.

வேர்க்கிழங்கு சாருக்கு ஒரு கேள்வி. முதல் தடவை எடுத்த கிழங்கில் ஒரு துண்டை மகள் கேட்காமல் கொள்ளாமல் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஸ்காபரோ வீட்டு மாடத்தில் ஒரு வாளித் தண்ணீரில் கிடந்தது. இன்று காலையில் பார்த்தால் ஒரு முனையில் சுருண்ட சின்ன இலை ஒன்று, மெல்லிசாக, கண்ணாடி மாதிரி. உயிர் இருக்கிறதா அதற்கு?

வேர்க்கிழங்கு எழுதியது:

இருக்கிறது. நுனி மொட்டு உள்ள துண்டாக அவளுக்குக் கிடைத்திருக்கிறது. பீவர் தவறவிடுகிற துண்டுகள் கரை ஒதுங்கி முளைப்பதும் இப்படித்தான். முதலில் வருவது தண்ணீருக்குள்ளேயே இருக்கிற இலை, கீரை போல மெல்லிசாகத்தான் இருக்கும், மிதக்கிற இலை பிறகு வரும். வாளியில் ஒரு சாண் களிமண் போட்டுக் கிழங்கைப் படுக்கவைத்து அதன் மேல் ஒரு கல்லை வையுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மிதக்கும். வேறு ஏரியில் மட்டும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

கூழாங்கல் எழுதியது:

கல் வைத்தாயிற்று. வாளியில் பீவருக்கு ஒரு வீடும் கட்டித்தரச் சொல்கிறாள்.